வாசலில் நிற்பவன் யார்?



நாலு பேர் கூடி ஒரு சங்கம் தொடங்குகிறோம். அக்கிராசனர், காரியதரிசி, பொருளாளர் என்று மூவரைத் தேர்ந்துகொள்ளுகிறோம். சந்தா இவ்வளவு என்று தீர்மானிக்கிறோம். அதற்குப் பிறகு ஒரு கேள்வி வருகிறது. யாரைச் சேர்த்துக்கொள்வது, யாரைச் சேர்க்காமல் விடுவது? இதை நம்மில் பலர் வெறும் நிர்வாக விஷயமாக எண்ணி, ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம். ஆனால் அது மனச்சாட்சியைச் சேர்ந்த கேள்வி. "நம்மவர்களுக்கென்று நாம் ஒன்று வைத்துக்கொள்வது குற்றமா? அப்படியானால் எந்த அளவுக்குக் குற்றமில்லை, எங்கே குற்றம் தொடங்குகிறது?" இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

பெரிய தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் மாலையில் உதைக்கிற பந்தே போதும். கால்பந்துச் சங்கங்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால், இந்தக் கேள்வியின் எல்லாப் பக்கங்களும் தெரியும்.

நமது கோயமுத்தூருக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை இங்கே நூற்பாலை வைத்தார். அதே 1888-ல்தான் இங்கிலாந்தில் பன்னிரண்டு கோஷ்டிகள் சேர்ந்து முதல் கால்பந்து லீக்கை ஏற்படுத்தின. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டில் பாதி, மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் பஞ்சாலைச் சீமையிலிருந்து வந்தவை. மில் சங்கு ஊதினால் உள்ளே போய், மறுபடி ஊதினால் வெளியே வருகிற வாழ்க்கை எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1850-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் பெண்களும் இளைஞர்களும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது என்று விதித்தது. நாளடைவில் ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. கிடைத்த ஓய்வை என்ன செய்வது? சாராயக் கடைக்குப் போகலாம், தெருச் சண்டைக்குப் போகலாம், மைதானத்துக்கும் போகலாம்.

இளைஞர்களை மைதானத்துக்கு அழைத்தவர்களில் கோவில்கள் முன்னால் நின்றன. பர்மிங்ஹாமில் 1874-ல் ஒரு வெஸ்லியன் கோவிலின் கிரிக்கெட் வாலிபர்கள் தொடங்கியதுதான் ஆஸ்டன் வில்லா. மான்செஸ்டர் நகரின் கிழக்கே, கார்ட்டன் என்ற ஏழைகளின் பகுதியில், அர்ச். மாற்கு ஆலயத்துப் போதகரின் மகள் அன்னா கானல் என்பவர், குடியிலும் கும்பல் சண்டையிலும் ஆண்கள் அழிவதைக் கண்டு அவர்களுக்காகக் கூட்டங்கள் நடத்தினார். அந்த ஆலயத்தைச் சுற்றி 1880-ல் உருவான கோஷ்டியே இன்று மான்செஸ்டர் சிட்டி. லிவர்பூலில் 1878-ல் செயின்ட் டொமிங்கோ என்று பெயர்கொண்ட ஒரு மெதடிஸ்ட் கோவிலின் பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். இவை எல்லாம் புரொட்டஸ்டாண்டு கோவில்கள். கத்தோலிக்கக் கோவில்களின் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

அந்த லிவர்பூல் பையன்களுக்கு ஒரே வருஷத்துக்குள் நமது கேள்வி வந்துவிட்டது. அவர்கள் ஆடுவதைப் பார்த்த அக்கம்பக்கத்து இளைஞர்கள், "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்தார்கள். அவர்கள் அந்தக் கோவிலைச் சேர்ந்தவர்கள் அல்ல. என்ன செய்வது? 1879 நவம்பரில் ஒரு விடுதியில் கூடிப் பேசி, கோவிலின் பெயரை எடுத்துவிட்டு, எல்லோரும் குடியிருந்த அந்தப் பகுதியின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார்கள். அதுதான் எவர்ட்டன். கோவிலை அவர்கள் வெறுக்கவில்லை. வாசலில் வந்து நின்றவனுக்கு இடம் கொடுக்கப் பெயர்ப்பலகையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

போல்ட்டன் நகரத்தில் கதை வேறுவிதமாய்ப் போயிற்று. அங்கே 1874-ல் கிறிஸ்து ஆலயத்து ஞாயிறு பள்ளியில் தோன்றிய கோஷ்டி, தாம் இல்லாமல் கூட்டமே கூடக்கூடாது என்று போதகர் கண்டிப்புக் காட்டியதால் 1877-ல் பிரிந்து போயிற்று. நிலையான மைதானமில்லாமல் அலைந்ததால் "அலைகிறவர்கள்" என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றால், உள்ளே இருப்பவனும் வெளியே போய்விடுகிறான்.

இங்கே நீங்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் சொல்லலாம். "எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்றால் அது சங்கமே அல்ல, சந்தைக்கடை. வீடு என்றிருந்தால் கதவு வேண்டாமா?" வேண்டும். கதவில்லாத வீடு வீடல்ல. பாடகர் குழுவில் சுருதி சேராதவனைச் சேர்க்காவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகாது. அதிகாலையில் பயிற்சிக்கு வர மாட்டேன் என்கிறவனைக் கால்பந்துக் கோஷ்டியில் சேர்க்காவிட்டாலும் அப்படியே. அந்த நிபந்தனைகள் வேலையிலிருந்தே பிறந்தவை. முயன்றால் எவனும் அவற்றை நிறைவேற்றலாம். ஆனால் "நீ யாருக்குப் பிறந்தாய்?" என்று கேட்கிற நிபந்தனை பந்தாட்டத்திலிருந்து பிறந்ததல்ல. தாயின் வயிற்றுக்குத் திரும்பிப்போய் மறுபடி பிறந்தாலன்றி அதை நிறைவேற்ற முடியாது. ஆகவே நிபந்தனைகளில் இரண்டு வகை உண்டு என்று முதலில் மனதில் வைப்போம்: வேலை கேட்கிற நிபந்தனை ஒன்று, நமது பெருமையோ பயமோ கேட்கிற நிபந்தனை மற்றொன்று.

இது சீமைக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று எண்ணாதீர்கள். நமது தேசத்துக் கால்பந்தின் பிறப்பிலேயே இது இருக்கிறது. கல்கத்தாவில் நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்று ஒருவர் இருந்தார். 1869-ல் நல்ல அந்தஸ்துள்ள குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்து விளையாடுவதைக் கண்டு, தம்மிடம் உருண்டு வந்த பந்தைத் திருப்பி உதைத்தாராம். பிறகு பள்ளித் தோழர்களைக் கூட்டிக் காசு சேர்த்துப் பந்து வாங்கி ஆட ஆரம்பித்தார். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று அவரைச் சொல்லுவார்கள். 1880-களில் அவர் வெல்லிங்டன் சங்கம் என்று ஒன்றை நடத்தி வந்தார். அதில் மணி தாஸ் என்ற ஒரு பையனைச் சேர்க்க விரும்பினார். பையன் நன்றாக ஆடக்கூடியவன், ஆனால் மண்பானை வனைகிற குயவரின் மகன். பெரிய இடத்துப் பிள்ளைகளான உறுப்பினர்கள், அவனோடு சேர்ந்து ஆட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள்.

சர்வாதிகாரி என்ன செய்தார்? அந்தப் பையனிடம் போய், "தம்பி, சமயம் சரியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. தாம் பாடுபட்டு வளர்த்த சங்கத்தையே கலைத்துவிட்டார். 1887-ல் சோவாபஜார் சங்கம் என்று புதிதாகத் தொடங்கி, அதன் முதல் உறுப்பினனாக அந்த மணி தாஸையே பதிவு செய்தார். ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 1892-ல், டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் இந்தச் சோவாபஜார் கோஷ்டி ஈஸ்ட் சர்ரே என்ற ஆங்கிலேயப் பட்டாளத்தை 2-1 என்று வென்றது.

வெற்றியைச் சொன்னதால் அவர் செய்தது சரியென்று முடிவு கட்டிவிடாதீர்கள். சோவாபஜார் தோற்றிருந்தாலும் நமது கேள்வி அப்படியேதான் நிற்கும். ஒரு பையனுக்காக அத்தனை பேருடைய சங்கத்தைக் கலைப்பது புத்தியா? பலர் நன்மைக்காக ஒருவன் விட்டுக்கொடுக்கக் கூடாதா? கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் இந்த நியாயத்தை நாம் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். ஜனங்களுக்காக ஒருவன் போனால் என்ன என்று சொன்ன பிரதான குரு கைப்பாசையும், அந்தப் பேச்சு யாரைச் சிலுவைக்குக் கொண்டுபோயிற்று என்பதையும் நாம் ஒவ்வொரு வருஷமும் பெரிய வெள்ளிக்கிழமை நினைக்கிறோம்.

இன்னும் ஒன்று. விட்டுக்கொடு என்று நாம் யாரிடம் கேட்கிறோம் என்று கவனியுங்கள். ஏற்கெனவே ஒன்றுமில்லாதவனிடம்தான் எப்போதும் கேட்கிறோம். பெரிய வீட்டுப் பிள்ளைகளிடம், "உங்கள் அருவருப்பை விட்டுக்கொடுங்கள்" என்று கேட்கத் தோன்றுவதில்லை. சர்வாதிகாரி தம்முடையதை விட்டுக்கொடுத்தார். அதனால்தான் அவர் செய்தது வீண் கோபம் அல்ல, தியாகம்.

அன்பர்களே, இதுவரை வந்தது சுலபமான பகுதி. பலமுள்ளவன் பலவீனனை வெளியே தள்ளினால் தப்பு என்பதை எவனும் ஒப்புக்கொள்ளுவான், நாம்தான் அப்படித் தள்ளுகிறோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான். கஷ்டமான பகுதி இனிமேல்தான். தள்ளப்பட்டவர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டால், அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாமா?

இது நம் சொந்தச் சபையின் கதை. அயர்லாந்தில் 1840-களில் உருளைக்கிழங்கு விளைச்சல் பாழாகிக் கொடிய பஞ்சம் வந்தபோது, ஏராளமான கத்தோலிக்க ஏழைகள் கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனார்கள். எடின்பரோ நகரின் கௌகேட் என்ற நெருக்கமான பகுதியில் குடியேறினார்கள். மதம் வேறு, பேச்சு வேறு, கையில் காசு இல்லை. அங்கே அர்ச். பத்திரிக்கு ஆலயத்து எட்வர்ட் ஹானன் சுவாமியாரின் ஆதரவில், கத்தோலிக்க வாலிபர் சபையார் 1875-ல் ஹைபர்னியன் என்ற கோஷ்டியைத் தொடங்கினார்கள். போட்டிகளில் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தபோது, "சங்கம் ஸ்காட்லாந்தியருக்கே, அயர்லாந்தியருக்கு அல்ல" என்ற பொருளில் பதில் வந்தது. ஆனால் அதே 1875 கிறிஸ்மஸ் நாளில் ஹார்ட்ஸ் என்ற உள்ளூர்க் கோஷ்டி அவர்களோடு ஆடியது. மற்றவர்களும் பரிந்து பேச, கடைசியில் கதவு திறந்தது. 1887-ல் ஸ்காட்டிஷ் கோப்பையே இந்த அகதிகளின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

அவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்தது தப்பா? தப்பென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஊரார் எல்லாக் கதவையும் சாத்தினால், மழையில் நிற்பவன் தனக்கொரு குடிசை போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். கல்கத்தாவில் 1891-ல் முகமதியர்கள் தங்களுக்கென்று முகமதன் ஸ்போர்ட்டிங் தொடங்கினதையும் இப்படியே புரிந்துகொள்ளலாம். கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கோஷ்டி அதுதான். 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷங்கள் தொடர்ந்து வென்றது. தாழ்வாய் எண்ணப்பட்டவர்கள் தலைநிமிர அது உதவிற்று.

ஆனால் குடிசை நாளடைவில் கோட்டையாக மாறும் ஆபத்து உண்டு. ஹைபர்னியன் கோஷ்டியில் ஆட வேண்டுமானால் கத்தோலிக்க வாலிபர் சபையின் அங்கத்தினனாக இருக்க வேண்டும் என்பது விதி. எந்தக் கதவு தங்கள் முகத்தில் சாத்தப்பட்டதோ, அதே மாதிரிக் கதவைத் தாங்களும் வைத்துக்கொண்டார்கள். 1891-ல் அந்தச் சங்கம் ஆட்டத்தை நிறுத்தியது. அதற்குக் காரணம் இந்த விதி மட்டுமல்ல. சிறந்த ஆட்டக்காரர்களைக் கிளாஸ்கோவில் புதிதாய்த் தோன்றிய மற்றொரு கத்தோலிக்கக் கோஷ்டி இழுத்துக்கொண்டு போயிற்று, அந்த வருஷமே ஹானன் சுவாமியாரும் மரித்தார். ஆனால் இரண்டொரு வருஷத்துக்குள் சங்கம் மறுபடி உயிர்பெற்றபோது, அந்த மத நிபந்தனையை விட்டுவிட்டே உயிர்பெற்றது.

ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டதாகச் சொன்னேனே, அந்தக் கிளாஸ்கோ கோஷ்டிதான் செல்டிக். மரிஸ்ட் சகோதரர் சபையைச் சேர்ந்த வல்ஃபிரிட் என்ற துறவி, 1887 நவம்பரில் அர்ச். மரியாயி ஆலய மண்டபத்தில் அதைத் தொடங்கினார். பசியோடு பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் சேர்ப்பதே நோக்கம். நல்ல நோக்கத்துக்காகத் தோழனுடைய ஆட்டக்காரரை இழுப்பது சரியா என்பது வேறொரு நாள் பேச வேண்டிய விஷயம். நமக்கு இன்று வேண்டியது இது: செல்டிக் தன் கோஷ்டியில் மற்ற மதத்தாரையும் ஆட விட்டது. அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு 1890-களில் உள்ளேயே எழுந்தபோதும் அது ஏற்கப்படவில்லை. 1965-ல் அதற்கு மானேஜராக வந்த ஜாக் ஸ்டீன் ஒரு புரொட்டஸ்டாண்டு. அவருடைய காலத்தில்தான், 1967 மே மாதம் லிஸ்பன் நகரத்தில், ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் கோஷ்டி என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அதே நகரத்து ரேஞ்சர்ஸ் சங்கமோ, கத்தோலிக்கன் என்று தெரிந்தால் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. 1989-ல் மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்கரைச் சேர்த்தபோது, அதன் அபிமானிகளிலேயே சிலர் கோபத்தில் சங்கத் துண்டுகளைக் கொளுத்தினார்கள். மூடியே கிடந்த கதவைத் திறந்தால் கீல் கிறீச்சிடத்தான் செய்யும்.

ஆகவே நம்மவர்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகள் உண்டு. முதலாவது: இந்த நிபந்தனை செய்கிற வேலைக்கு வேண்டியதா, அல்லது நமது பெருமைக்கும் பயத்துக்கும் வேண்டியதா? இரண்டாவது: நாம் மறுக்கிறவனுக்குப் போக வேறு வாசல் உண்டா, அல்லது நமது வாசல்தான் அவனுக்குக் கடைசி வாசலா? மூன்றாவது: மழைக்குப் போட்ட குடிசை, மழை நின்ற பிறகும் ஏன் சாத்தியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் கூசாமல் பதில் சொல்ல முடிந்தால் சங்கம் நடத்துங்கள். முடியாவிட்டால், கதவைத் திறக்கிற வரையில் அந்தச் சங்கத்துக்குப் புனிதர் பெயர் வைக்காதீர்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நமது கொங்கு நாட்டில் கபடியானாலும் கைப்பந்தானாலும் கால்பந்தானாலும், நோம்பிக்கும் திருவிழாவுக்கும் போட்டி நடக்கும்போது ஒரு பையனிடம் முதலில் கேட்கிற கேள்வி என்ன? "நீ எந்தத் தெரு? எந்த வளவு?" அது விலாசம் கேட்கிற கேள்வி அல்ல என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்லுகிறவனுக்கும் தெரியும். கிறிஸ்தவர்களாகிய நாம் இதைக் கேட்பதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? ஒரே நற்கருணைப் பந்தியில் முழந்தாளிட்டவர்கள், மைதானத்தில் இரண்டு கோஷ்டியாய்ப் பிரிந்தால், அந்தப் பிரிவு எந்தக் கோட்டில் விழுகிறது என்று பெற்றோர்கள் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

மற்றொரு கதவு இந்தக் காலத்தில் புதிதாய் வந்திருக்கிறது. அதற்குச் சாதி தெரியாது, காசு தெரியும். ஊருக்கு ஊர் டர்ஃப் மைதானம் வந்துவிட்டது, மணிக்கு இவ்வளவு வாடகை. பயிற்சிக்கு மாதச் சந்தா, காலணிக்கு வேறு ஆயிரக்கணக்கில். கொடுக்க முடிந்த பிள்ளை உள்ளே பச்சைத் தரையில் ஆடுகிறான், முடியாதவன் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறான். இதில் யாரும் யாரையும் "போ" என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலே சாத்துகிற கதவும் கதவுதானே? செல்டிக் கதையும் இதையே நினைவூட்டுகிறது. பசித்த பிள்ளைகளுக்காகப் பிறந்த அந்தச் சங்கம் 1897-ல் பங்குகள் விற்கும் கம்பெனியாயிற்று. நல்ல தொடக்கம் இருந்தது என்பதால் நல்ல வழியில்தான் நடப்போம் என்ற உறுதி எவருக்கும் இல்லை. தொடக்கத்தை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை தருகிற காட்சியும் நமது ஊரிலேயே உண்டு. 2019 மார்ச் 9-ந் தேதி, கோவை நேரு விளையாட்டரங்கத்தில், சென்னை சிட்டி கோஷ்டி மினர்வா பஞ்சாப் கோஷ்டியை 3-1 என்று வென்று அகில இந்திய ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. தமிழ்நாட்டுப் பையன்களும் ஸ்பெயின் தேசத்தாரும் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். மினர்வாவின் வலைக்குள் பந்து போனபோது, பக்கத்தில் நின்றவனைக் கட்டிக்கொண்டவர்களில் எவரும் அவன் எந்த வளவு என்று கேட்டிருக்கப்போவதில்லை. அந்தக் கோஷ்டி 2021-க்குப் பிறகு அந்த லீக்கில் இல்லாமற்போயிற்று. ஆனால் கோயமுத்தூர் ஜனங்களால் அப்படி நிற்க முடியும் என்பது அன்று தெரிந்தது. தொண்ணூறு நிமிஷம் முடிந்ததை வாரம் முழுவதும் செய்வதுதான் நம் முன் உள்ள வேலை.

பெற்றோர்களே, ஒரு வார்த்தை. எந்தக் குழந்தையும் பந்தைத் தொடும்போது இந்தக் கேள்வியோடு தொடுவதில்லை. எதிரே நின்று திருப்பி உதைக்க ஒருவன் வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். "அவனோடு சேராதே, அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதே" என்ற சொல் நமது அடுக்களையிலிருந்துதான் மைதானத்துக்குப் போகிறது. அதை நாம் சொல்லாமலிருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, சங்கத்தில் பொறுப்புள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டு, அதில் எந்தத் தெருக்களின் பெயர் இல்லை என்று எண்ணிப் பார்க்கட்டும். சந்தா கட்ட முடியாத பிள்ளைக்கு யார் கட்டுவது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யட்டும். அயலான் யார் என்று கேட்ட வேதசாஸ்திரிக்கு நமது ஆண்டவர் இலக்கணம் சொல்லவில்லை. வழியில் விழுந்து கிடந்த ஒருவனையும், அவனுக்காக நின்ற ஒரு சமாரியனையும் காட்டினார். நமக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வலைக்கு வெளியே நிற்கிற பையனை அடுத்த ஞாயிறு பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டால் போதும்.